தழும்பு இழுத்த கை

பாடாங் மேஹா ஊரில் கேதரினைக் கல்நெஞ்சக்காரி என்று பேசாத வாய் குறைவு. பேசட்டும். பெற்ற வயிறு பட்ட பாட்டை எவராவது வந்து பார்த்தார்களா?

பக்கத்து நகரமான கூலிமில் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறவள் கேதரின். கணவன் கேப்ரியல் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். வெகுநாள் காத்திருந்து பெற்ற ஒரே மகள் அமண்டாவுக்கு மூன்று வயது. அப்பா வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சூடு ஆறாத புகைக்குழாயில் ஒரு சாயங்காலம் வலது உள்ளங்கையை வைத்துவிட்டாள். தோல் அப்படியே வழன்று வந்துவிட்டது.

புண் மூட ஒரு மாதத்துக்கு மேலானது. விரல்கள் விரிந்தே இருக்கும்படி ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பலகை கொடுத்து, புண் ஆறிய பிறகும் கட்டச் சொன்னார்கள். அது காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. ஆறின புண்ணுக்கு எதற்குக் கட்டு? பிள்ளை அழுகிறதே என்று கேதரினே கழற்றிப் பீரோவுக்குள் போட்டாள். புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டபடி, புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவில் பிள்ளை தன் கையாலேயே மெழுகுவர்த்தி பிடிக்கட்டும் என்று அழைத்துப் போனார்கள்.

அமண்டா மெழுகுவர்த்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேதரினுக்குக் கண் கலங்கியது. நட்டு வைக்கலாம் என்று அவள் மெழுகுவர்த்தியை வாங்கிய பிறகும் பிள்ளையின் விரல்கள் மடங்கியே இருந்தன.

“விரலை நீட்டும்மா.”

“நீட்டிட்டேன் மம்மி,” என்றாள் அமண்டா, சிரித்துக்கொண்டே.

கேதரின் அந்த விரல்களைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள்; நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தருகிற உமாராணி, அமண்டாவின் கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழமே உருண்டு போகலாம். திட்டுவாள் என்று கேதரின் பயந்தாள். அவள் திட்டவில்லை, விளக்கித்தான் சொன்னாள். சதைக்குள்ளே நூல்நூலாக இழைகள் இருக்கின்றனவாம். அவற்றின் நடுவில் சும்மா கிடக்கும் செல்கள், புண் பட்டதும் உருமாறி நீளுமாம். முன்பக்கம் கால் போல நீட்டி, இழையைப் பற்றி, உடம்பை இழுத்து, ஊர்ந்து ஊர்ந்து புண்ணுக்குள் வருமாம். வந்த பிறகு இன்னும் முறுக்கேறி, புதிய இழைகளைப் போட்டு, பிடித்து இழுக்குமாம். அந்த இழுப்பில்தான் புண் சுருங்கி மூடுகிறது.

“மூடினதும் நிக்கணும் அக்கா. நிக்காம இழுத்துட்டிருக்கு. அதுக்குக் கை தெரியாது, விரல் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும்.”

“நிறுத்த வழியே இல்லையா மிஸ்?”

“நாம எதிர்ப்பக்கம் இழுக்கணும். தழும்பு சிவப்பா, கெட்டியா இருக்கிற வரைக்கும் நேரம் இருக்கு. விரிச்சே வெச்சா அந்த நீளத்துக்கு இழை போட்டுக்கும். விட்டுட்டா ஆப்பரேஷன்தான்.”

அன்றிலிருந்து கேதரினுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நிமிஷமும் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்குமோ, இழுத்துக்கொண்டிருக்குமோ என்று கல்லாவில் உட்கார்ந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். சில்லறை வாங்க நீள்கிற கையெல்லாம் எப்படி விரிகிறது என்று பார்த்தாள். வீடு திரும்பியதும் தழும்பில் எண்ணெய் தேய்த்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்து, தழும்பு வெளுக்கும்வரை அழுத்திப் பிடிப்பாள்; பிறகு பீரோவில் போட்ட பலகையை எடுத்துக் கட்டுவாள். அமண்டா வீறிடுவாள். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து, நீயெல்லாம் ஒரு தாயா என்பாள். கேப்ரியல் வாசலுக்குப் போய்விடுவான். அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் மோட்டாரை அங்கே நிறுத்தியது தான்தானே என்று அவனுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

“விட்டுடு கேத்தி. வளர வளர சரியாயிடும் லா,” என்றான் ஒரு நாள்.

அவளும் மனம் இளகி இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் சுண்டுவிரல் இன்னும் இறுகியிருந்தது. பிறகு அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை.

முதலில் எண்ணெய்ப் புட்டியைக் கண்டால் ஓடிய பிள்ளை, பிறகு அம்மாவைக் கண்டாலே ஓடியது. தூங்கும்போதுகூட அப்பா பக்கம் திரும்பிப் படுத்தது. “மம்மி வேணாம்” என்று அது சொன்ன இரவு, கேதரின் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கை பிழைக்காமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கை பிழைத்தாலும் பிள்ளை தனக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

அடுத்த வருஷம் உமாராணி மறுபடியும் அந்தக் கையை மேசைமேல் வைத்தாள். கை தட்டையாகப் படிந்தது. தழும்பு வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. உள்ளே இழுப்பு அடங்கிவிட்டது, ஆனால் பிள்ளை வளர்கிற வேகத்துக்குத் தழும்பு வளராது, அதனால் கண்ணை எடுக்காதீர்கள் என்றாள். கேதரினுக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது. அந்தக் கையை முத்தமிட வேண்டும் என்று ஆசையாய்க் கைநீட்டினாள்.

அமண்டா சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கேதரின் நீட்டிய கையை மெல்ல மடியில் போட்டுக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஐந்து விரலும் விரிந்துதான் இருந்தன.

“ஒளிச்சு வெச்சுக்கம்மா,” என்றாள். “இப்படியே விரிச்சு ஒளிச்சு வெச்சுக்க.”