இறால் வெந்த நீரில் எழுந்த வெளிச்சம்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. அதற்குச் சன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உச்சிவேளையிலும் நம் கை நமக்குத் தெரியாது. அப்பா தம் மொத்தக்கடையின் புளி மூட்டைகளை அங்கே அடுக்கியிருந்தார். வீடு முழுவதும் வெக்கையில் புழுங்கும்போது அந்த அறை மட்டும் குளிர்ந்திருக்கும். அதனால் மறுநாளுக்கென்று எடுத்துவைப்பதையெல்லாம் அம்மா அதற்குள்தான் வைப்பாள். நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கத் தொடங்கியிருந்த ஆண்டில், அங்கே வைத்த ஒரு பானை நீர் என் அக்காவைக் கொண்டுபோகப் பார்த்தது.

அக்கா பிரசவத்துக்காக வந்திருந்தாள். மிளகாய்ச் சரக்கோடு கொழும்புக்குப் புறப்பட்ட தோணியில் சென்ற அவள் கணவர் திரும்பவில்லை. புயலுக்குப் பிறகு அந்தத் தோணியின் பலகைகள் சில கரை ஒதுங்கின. மனிதர் எவரும் ஒதுங்கவில்லை. செய்ய வேண்டிய சடங்கைச் செய்துவிடலாம் என்று அப்பா சொன்னார். உடலைக் காணாமல் யாருக்குச் சடங்கு என்று அக்கா கேட்டாள். அதன் பின் அவள் முன்னிலையில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தாலி அவள் கழுத்திலேயே இருந்தது. இந்த நிலையில்தான் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவுக்குத்தான் பால் போதுமான அளவு ஊறவில்லை.

பக்கத்து வீடு ஒரு மீன்பிடிக் குடும்பத்தினுடையது. இரண்டு முற்றங்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்த வீட்டு அம்மாள் இறாலை வேகவைத்துக் காயப்போட்டு விற்பவள்; அவளிடமும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அக்காவின் சங்கதி சுவர் வழியாக அவளுக்குப் போயிற்று.

“பால் சுறா வாங்கிப் புட்டு செஞ்சு குடுக்கா. தானா ஊறும்” என்றாள் அம்மாவிடம்.

சுறாவின் வாடைக்கே அக்கா எழுந்தோடினாள். நாங்கள் தெற்கே ஒரு வறண்ட ஊரிலிருந்து வந்தவர்கள். கருவாட்டைத் தவிரக் கடலிலிருந்து வேறெதையும் அறியாதவர்கள்.

“அப்ப எறா வேவிச்ச தண்ணி குடு. வாட கம்மி. எறா நான் தரேன். உங்க பொண்ணுக்கு மூக்கு மட்டும் நல்லா வேலை செய்து” என்று சிரித்தாள்.

அவள் இறால் வேகவைப்பதை அம்மா சுவரோரம் நின்று கவனிப்பதுண்டு. பெரிய அண்டாவில் உப்பு நீர் கொதிக்கும். இறாலைக் கொட்டி, சிவந்ததும் அள்ளிப் பாயில் பரப்புவாள். நீர் அண்டாவிலேயே கிடக்கும். மறுநாள் காலையில் அதே நீரின் கீழே மறுபடியும் அடுப்பு எரியும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களே நேற்றைய நீரை இன்றைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் தவறு இருக்க முடியாது என்று அம்மா முடிவு செய்தாள். அந்த நீரை அவர்கள் குடிக்கிறார்களா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டில் தந்த இறாலை அதேபோல உப்பு நீரில் அம்மா வேகவைத்தாள். முதல் நாள் அந்த நீரில் அக்கா ஒரு குவளை குடித்தாள். உப்பு மிகுந்திருந்ததால் வெந்நீர் கலந்து, மிளகு தட்டிப் போட்டு அம்மா கொடுத்தாள். அன்று மாலை குழந்தை அழாமல் உறங்கியது. அம்மாவின் முகம் வெகு நாட்களுக்குப் பிறகு தெளிந்தது. மீந்த நீரைப் பச்சை இறால் அள்ளிய கரண்டியாலேயே ஒருமுறை கலக்கி, மூடி, படிக்கட்டு அறையில் வைத்தாள்.

மறுநாள் எனக்குக் கல்லூரி இல்லை. நண்பகலில் அந்தப் பானையை எடுத்துவரச் சொன்னாள் அம்மா. நான் உள்ளே போனதும் கடற்காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கதவைத் தேடிக் கையை நீட்டியவள் அப்படியே நின்றேன். பானையின் மூடி சற்று விலகியிருந்தது. அந்த இடுக்கில் ஏதோ வெளுத்துத் தெரிந்தது. முதலில் சுவரில் துளை விழுந்து வெயில் கசிகிறது என்று நினைத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழக அது துலங்கியது. மூடியை எடுத்தேன். நீரின் மேற்பரப்பு முழுவதும் வெளிறிய நீல நிறத்தில் ஒளிர்ந்தது. சுடர் இல்லை, அசைவு இல்லை, வெப்பமும் இல்லை. அதன் மேல் பிடித்த என் விரல்களின் ஓரங்கள் தெரிந்தன. கடலலை இருளில் ஒளிர்வதாகச் சொல்லும் செய்யுள்களை நான் படித்திருக்கிறேன். அவை எதிலும் வாடை இல்லை. இங்கே புளியின் மணத்தையும் மீறி, மெல்லிய, இனிப்புக் கலந்த ஒரு கெட்ட வாடை இருந்தது.

அம்மாவை அழைத்தேன். கதவு திறந்ததும் பானையில் கலங்கிய நீர் மட்டுமே இருந்தது. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் கண்டாள்.

“கொதிக்க வச்சா போயிரும்” என்றாள். அவள் குரலில் உறுதி இல்லை.

எங்களுக்குப் பின்னாலிருந்து, “கதவ ஏன் சாத்திக்கிட்டு நிக்கீக?” என்ற குரல் கேட்டது. குழந்தையைக் கூடத்தில் கிடத்திவிட்டு அக்கா வந்திருந்தாள். தடுப்பதற்குள் உள்ளே நுழைந்து அவளே கதவைச் சாத்தினாள். மூவரும் இருட்டில் நின்றோம். அக்கா குனிந்து நீருக்குள் ஒரு விரலை விட்டு மெல்ல வட்டமிட்டாள். விரல் போன வழியெங்கும் ஒளி விழித்துக்கொண்டு பிரகாசித்தது. விரல் நின்றதும் மெதுவாக மங்கியது. மறுபடியும் கலக்கினாள். மறுபடியும் எழுந்தது.

“பாரு, கூப்பிட்டா வருது” என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. வியப்பே இல்லாமல், எதிர்பார்த்திருந்த ஒருவரைக் கண்டதுபோலச் சொன்னாள்.

அம்மா பானையைத் தூக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். “அடுப்புல வைக்காதம்மா. கடல்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. நீ கொதிக்க வச்சிருவ.”

அம்மா அவளோடு வாதாடவில்லை. என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு முற்றத்துச் சுவருக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

“ஏம்மா, நேத்து எறா வேகவச்ச தண்ணி இருட்டுல வெளிச்சம் போடுது. ஒங்க வீட்டுலயும் இப்பிடி வருமா?”

“வரும், வரும். மீன் தலையில வரும், வலையில வரும். எங்க நைனா காலத்திலேந்து பாத்துகினுதான் கீறோம். கடக்காரவூட்டு அம்மா நீ, எண்ண செலவு மிச்சம்னு வெச்சுக்கோயேன்.” அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “இரு. அந்தத் தண்ணிய இன்னாத்துக்கு வெச்சிகினு கீற?”

“மகளுக்குத்தான். ஒரு கொதி விட்டுக் குடுக்கலாமேன்னு.”

“குடிக்கவா? இன்னாக்கா நீ. அன்னிக்குத் தண்ணி அன்னிக்குத்தான்.”

“நீங்க மறுநாளும் வச்சிக்கிறீகளே?”

“அது காயப்போடற எறாவுக்கு. நாங்க எங்க குடிச்சோம்? கலீஜ் தண்ணி அது. கையில வெட்டு கிட்டு இருந்தா தொடக்கூட மாட்டேன்.”

“கொதிக்க வச்சாலும் ஆகாதா?”

“எனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்ல ஒருத்தரும் குடிச்சதில்ல. கொட்டிடுக்கா. பேஜாரு வேணாம்.”

அந்த நேரத்தில் கூடத்தில் குழந்தை வீறிட்டது. அக்கா அசையவில்லை. “நீ போயி எடு” என்றாள் என்னிடம். நான் போனேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே திரும்பியபோது படிக்கட்டு அறையின் கதவு சாத்தியிருந்தது. இழுத்துத் திறந்து உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

இருட்டில் இரண்டு வெளிச்சங்கள் தெரிந்தன. ஒன்று கீழே, பானையில். மற்றொன்று என் முகத்தின் உயரத்தில், ஒரு கீற்றாக வளைந்து நின்றது. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தக் கீற்று இரண்டாகப் பிரிந்தது.

“குழந்தைய இங்க குடு” என்றது.

அக்காவின் உதடுகள் அவை. மோவாயில் வழிந்த துளிகளும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் இருட்டு. நான் குழந்தையைக் கொடுக்கவில்லை. இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, முதுகால் கதவைத் தள்ளித் திறந்தேன். வெயில் விழுந்ததும் அவள் வெறும் அக்காவானாள். வாய் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

அம்மா பானையைத் தெருக்கோடி வரை எடுத்துப்போய் மணலில் கொட்டினாள். அக்கா தடுக்கவில்லை. வேண்டியதைப் பெற்றுக்கொண்டவள்போல அமர்ந்திருந்தாள்.

அந்தி சாய்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தியும் பேதியும் மாறி மாறி வந்தன. அப்பா அழைத்துவந்த வைத்தியர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, குடித்த நீர் வயிற்றில் தங்கினால் பிழைப்பாள், தங்காவிட்டால் சொல்வதற்கில்லை என்றார். கரண்டி கரண்டியாகக் கஞ்சித்தெளிவை ஊட்டினோம். ஊட்டியது வெளியே வந்தது. மீண்டும் ஊட்டினோம். அவள் படுத்திருந்த அறையில் விளக்கைத் தணிக்க எனக்குத் துணிவில்லை. இருட்டினால் எதைக் காண்பேனோ என்ற அச்சம். அம்மாவும் தணிக்கச் சொல்லவில்லை.

தாய்ப்பாலைக் கொடுக்கலாகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கம்மியது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப்புறம் நின்று கையை நீட்டினாள். “குடுக்கா இப்டி. எனுக்கு ரெண்டு பக்கம் கீது, என் புள்ள ஒண்ணுதான” என்றாள். அம்மா கொடுத்துவிட்டுச் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் கல்லூரியில் உயிரியல் கற்பித்த ஆசிரியை ஒருவரிடம் பின்னாளில் இதைப் பாதி மட்டும் சொன்னேன். உப்பு நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும்போது அப்படி ஒளிரும், கலக்கினால் காற்றுப் பட்டு ஒளி கூடும், கொதிக்க வைத்தால் அவை மடிந்து ஒளி அணைந்துவிடும் என்றார். ஆனால் அவற்றோடு கூடவே ஒளிராத வேறு உயிர்களும் பெருகியிருக்கும். அவற்றுள் சில விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் போகாது. ஆகவே வேகவைத்த நீரை வெக்கையில் ஓர் இரவு வைத்திருந்தால், வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொட்டிவிட வேண்டியதுதான் என்று முடித்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நம்பினேன். நான் சொல்லாமல் விட்ட மறுபாதி, இருட்டில் ஒரு வாய் என்னிடம் குழந்தையைக் கேட்டது. அதற்கு அந்த விளக்கத்தில் இடம் இருக்கவில்லை.

அக்கா பிழைத்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார முடிந்த அன்று, கஞ்சிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதற்குள்ளேயே பார்த்திருந்தாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள்:

“அதுல அவுக இல்லம்மா.”

அம்மா குவளையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. அழுகுன தண்ணி. தெரிஞ்சும் வயிறு நெறையக் குடிச்சேன்.” சற்றுப் பொறுத்து, “அப்பாவச் செய்யச் சொல்லு” என்றாள்.

சடங்கு கடற்கரையில் நடந்தது. துறைமுகத்துப் பளுதூக்கிகளின் ஓசையில் மந்திரம் சரியாகக் கேட்கவில்லை. வீடு திரும்பியபோது அக்காவின் கழுத்து வெறுமையாக இருந்தது.

பால் திரும்ப வரவேயில்லை. நாளும் பலமுறை குழந்தை சுவரைத் தாண்டிப் போயிற்று. “இன்னா மாமு, அதுக்குள்ள பசியா?” என்று அந்த அம்மாள் அவனை வாங்கிக்கொள்வாள். அவன் அந்தக் குரலுக்கே தலையைத் திருப்பப் பழகிவிட்டான். குழந்தையைக் கொடுத்த கைகளை அக்கா கீழே இறக்காமல், அவனைத் திருப்பித் தரும்வரை சுவரோரமே நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள்.