ஒன்பது பித்தளைக் குழல்கள்

1

கல்லூரிச் செயலாளர் அண்ணாச்சி பித்தளைக் குழல்களோடு வந்து இறங்கியபோது போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

கடற்படையில் பதினைந்து வருஷம் பீரங்கி மெக்கானிக்காக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கப்பல் மாடல் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மணிமுத்தாறு அணையில் நடக்கும் கப்பல் மாடல் போட்டியில் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டிக்கு டெல்லி போகலாம். இறுதியாண்டு மாணவன் இசக்கிமுத்துவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஆறு மாதமாக இழைத்து இழைத்து ஏவுகணைப் படகு ஒன்றைச் செய்திருந்தான். மூன்றரை அடி நீளம். ரிமோட்டைத் தொட்டால் பறக்கும்.

அண்ணாச்சிக்கு டவுணில் பாத்திரக்கடை. கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்தவர் என்பதால் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"என்னவே இது, மீன்பிடிப் படகு மாதிரி இருக்கு? பீரங்கி எங்கவே?"

"அண்ணாச்சி, இப்பச் சண்டையெல்லாம் ஏவுகணையிலதான். பெரிய பீரங்கிக் கப்பலை எல்லா நாடும் ஒதுக்கியாச்சு. நம்ம நேவில அது இருந்ததே இல்ல."

"எனக்கே கதை சொல்லுதீரா? வளைகுடாச் சண்டையில அமெரிக்காக்காரன் அதை வச்சுத்தான சுட்டான்? பேப்பர்ல படம் போட்டிருந்தாம்லா?"

சுட்டான்தான். ஆனால் அந்தக் கப்பலை நோக்கி ஏவுகணை வந்தபோது காப்பாற்றியது அதன் பீரங்கி இல்லை. கூடப் போன வேறொரு கப்பல் விட்ட ஏவுகணை. சண்டை முடிந்ததும் அதையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"நெல்லையப்பர் தேரைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடத் தோணும்லா? கப்பல்னா அப்படி இருக்கணும்வே. ஒம்பது பீரங்கிக் குழலும் நம்ம பட்டறையில செஞ்சது. மாட்டும்."

"சரிங்க அண்ணாச்சி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் சரி என்பது சரிதான்.

2

குழல்களை மாட்டியதும் மேல்கனம் தாங்காமல் தொட்டித் தண்ணீரில் படகு தள்ளாடியது. அடியில் ஈயம் வைத்தோம். தள்ளாட்டம் குறைந்தது, ஆனால் தளம் வரை தண்ணீரில் முங்கி நின்றது. பழைய மோட்டார் இழுக்கவில்லை. பெரிய மோட்டார் போட்டோம். அதற்குப் பெரிய பேட்டரி. அந்தக் கனத்துக்காக ஈயத்தில் பாதியை எடுத்தோம். மறுபடி தள்ளாட்டம்.

"ஒண்ணைச் சரி பண்ணுனா இன்னொண்ணு கெடுது சார்" என்றான் இசக்கி.

நிஜக் கப்பலின் கதையும் இதேதான். பீரங்கிக்காகக் கவசம், கவசத்துக்காக எஞ்சின், அத்தனையையும் காவல் காக்க இன்னும் நாலு கப்பல். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் செய்துகொண்டிருந்தேன். அண்ணாச்சியோ தினமும் சாயங்காலம் வந்து, தோளில் கிடந்த துண்டால் குழல்களைத் துடைத்துவிட்டுப் போனார்.

3

மணிமுத்தாறில் அண்ணாச்சிக்கு முதல் வரிசையில் நாற்காலி. நேராகப் போனவரைக்கும் கப்பல் அழகாகத்தான் போனது. முதல் திருப்பத்தில் சாய்ந்தது. நிமிரும் நிமிரும் என்று பார்த்தேன். ஒன்பது குழலும் வெயிலில் ஒருதரம் மின்னின. அவ்வளவுதான், முழுகிவிட்டது.

நடுவராக வந்த கடற்படை அதிகாரி கேட்டார்: "இவ்வளவு கனத்தை மேல வைக்கச் சொன்னது யாரு?"

அண்ணாச்சி அலட்டிக்கொள்ளாமல் என்னைக் காட்டினார். "சாரு நேவில இருந்தவரு. எல்லாம் அவருதான் பாத்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் இசக்கி ரிமோட்டை என் கையில் கொடுத்தான்.

"நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு ஒம்பது நாளும் பாத்தேன் சார்."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய்விட்டான். அந்த வருஷம் டெல்லிக்கு வேறு கல்லூரி போயிற்று.

4

அடுத்த வருஷம் அண்ணாச்சி மறுபடி வந்தார். கையில் பன்னிரண்டு குழல்.

"இந்தத் தடவை கொஞ்சம் பெரிசா செஞ்சிருவோம்வே."

"முடியாது அண்ணாச்சி. முங்கிரும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்படியா? அப்ப விடும்" என்றார். டீ வாங்கிக் குடித்துவிட்டு, குழல்களைப் பையில் போட்டுக்கொண்டு டவுண் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இவ்வளவுதான் நடந்திருக்கும், இசக்கிக்காக நான் அன்றைக்கே சொல்லியிருந்தாலும்.