ஏன் லேட்?

'மரியாதை' என்று பெரிய தாளில் எழுதிய கையோடு அதன்மேல் ஒரு கோடு இழுத்தார் வெர்னா மெல்னிக். "இது என் மனசு குளிரணும்னு நீங்க சொன்னது. மரியாதையைக் கண்ணால பார்த்தா எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க."

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தும் ஆறும் சேர்ந்த வகுப்பு அவருடையது. வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்பதை ஒவ்வொரு செப்டம்பரிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதி, எல்லோருமாகக் கையெழுத்துப் போடுவார்கள். இது இருபத்தேழாவது தாள். கேள்வி கேட்டுவிட்டு, உதடு மட்டும் அசைய, பத்துவரை எண்ணுவார். யாரும் வாய் திறக்காவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொன்று. உட்கார்ந்தால் வலது கால் ஷூவை விட்டு வெளியே வந்துவிடும். உதவியாளராக நான் சேர்ந்த அன்று கேட்டார்: "நாலு வருஷம் ஊர் ஊராச் சுத்திட்டு இங்கேயா வந்தே? சரி, அந்த நாற்காலி ஆடும். பார்த்து உட்காரு."

"அடுத்தவன் பேசும்போது பென்சில் சீவக் கூடாது" என்றான் பிராடி.

"'கூடாது'ன்னா ஜெயில் மாதிரி இருக்குடா. மாத்திச் சொல்லு."

"பென்சிலை வீட்லயே சீவிட்டு வரணும்."

"எழுதியாச்சு. உன் பென்சில் எங்கே?"

"வீட்ல இருக்கு மிஸ்."

வகுப்பே சிரித்தது. வெர்னாவின் சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிவிட்டது.

அடுத்து, ஆசிரியரிடம் பிள்ளைகள் எதிர்பார்ப்பது. அவர் ஒன்பது எண்ணியபோது பின்வரிசையிலிருந்து ரேலீன் பேசினாள்.

"லேட்டா வந்தா எல்லார் முன்னாடியும் ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. போன ஜூனில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாசலில் நின்றிருந்த ரேலீன் அப்படியே திரும்பிப் போனாள். ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. கேட்டவர் வெர்னாதான். யோசித்துக் கேட்பதில்லை. கதவு கிறீச்சிட்டால் போதும், தலை திரும்பும் முன்பே "ஏன் லேட்?" வந்துவிடும்.

"கேக்காம விட்டா, நாளைக்குப் பாதிப் பேர் பத்து மணிக்கு வருவீங்க."

"நான் பதினொண்ணு" என்றான் பிராடி.

"நீ சும்மா இருடா" என்றாள் ரேலீன். "மிஸ், உண்மையைச் சொல்லச் சொன்னது நீங்கதானே?"

வெர்னா சுவரில் சாய்ந்தார். "இருபத்தேழு வருஷப் பழக்கம்மா. தானா வாயில வந்துடும்."

"அப்போ எழுதாதீங்க."

அவர் எண்ணவில்லை. தாமதமாக வருபவர் நேராகப் போய் உட்காரலாம் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மறந்துட்டீங்கன்னா?" பிராடி விடவில்லை.

"மறந்தா அவ போயிடுவா" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை, ஒன்பது இருபது. பலகையில் நான்காவது கணக்கு பாதியில் இருந்தது. கதவு கிறீச்சிட்டது.

"ஏ..." வந்தேவிட்டது.

இருபத்திரண்டு பேரும் கதவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். ரேலீன் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

"ஏ... ஏழாவது கணக்கு" என்றார் வெர்னா. பாதிக் கணக்கை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, பின்வரிசைக்குத் தெரியும்படி 7 என்று பெரிதாக எழுதினார்.