குடிக்காதவனின் ஈரல்

ஆஸ்பத்திரி வராண்டாவில், அத்தனை சனம் பார்க்க, என் சம்சாரம் என் வாயை மோந்து பார்த்தாள். அதைவிடப் பெரிய அவமானம் விருத்தாசலத்தில் எனக்கு நடந்ததில்லை. மூணாங்கிளாஸோடு படிப்பை விட்டு, அடுத்தவர் பட்டறையில் களிமண் மிதித்து, இன்றைக்குச் சொந்தமாகப் பீங்கான் பட்டறையும் சூளையும் வைத்திருக்கிறவன் நான். ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. குடித்துவிட்டு வருகிறவனைச் சூளைப் பக்கம் அண்டவிட மாட்டேன். என்னிடம் வேலை பார்க்கிற மச்சானையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கு ரத்தத்தில் ஈரல் என்சைம் ஏறிக்கிடக்கிறது என்று லேபில் சொல்லிவிட்டார்கள். ஈரல் கெட்டால் குடி. எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. கூட வந்திருந்த மச்சானுக்குக் கொண்டாட்டம். “அக்கா, நான் ஊருக்குத் தெரிஞ்சி குடிக்கிறேன். மாமா வூட்டுக்குத் தெரியாம குடிக்கிறாரு. அவ்ளோதான் வித்தியாசம்” என்றான்.

உள்ளே இருந்த டாக்டரம்மாவை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். குடிப்பதில்லை என்று நான் சொன்னதும், இந்த ஊரில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். இடுப்பைச் சுற்றி டேப் வைத்தார், பிரஷர் பார்த்தார், மஞ்சள் காமாலை இல்லை என்று உறுதி செய்துகொண்டார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. “சரி, சாராயம் இல்ல. வேற என்னங்கய்யா குடிப்பீங்க?” என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். சுட்ட சாமானை வெளியே எடுக்கச் சூளை பிரிக்கிற அன்றைக்குச் சில பட்டறைகளில் ஆட்களுக்குக் குடிக்கக் காசு கொடுப்பது வழக்கம். நான் அதை ஒழித்துக்கட்டி, கலர் சோடா பாட்டிலை கேஸ் கேஸாக இறக்கியவன். முதலாளி முதல் பாட்டிலைக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். மற்ற நாளிலும் சூளை வெக்கைக்கு எனக்குத் தாகம் தீர்ப்பது அதுதான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “எங்கப்பா கரும்பு போடறவரு, நானே சொல்றேன், இனிப்பை விடுங்க. ஈரலுக்குள்ள இருக்க வேண்டிய என்சைம் ரத்தத்துல கசியுது. இதை மட்டும் வெச்சி முடிவு பண்ண முடியாது. ஆனா தொப்பை, பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாம் கூடச் சேர்ந்திருக்குது. சர்க்கரை இன்னும் எல்லையிலதான் நிக்குது. இப்படியே போனா தாண்டிடும்.” எனக்கு உடனே விளங்கிவிட்டது. சூளைக்குள் சின்னதாக ஒரு கோன் வைப்போம். உள்ளே ஏறுகிற சூட்டுக்கு அது தலை சாயும். வெளியே மீட்டர் என்ன காட்டினாலும் எங்களுக்குக் கோன்தான் பேச்சு. என் உடம்பில் கோன் சாய ஆரம்பித்திருந்தது.

விளங்கியது சரி, அடுத்து சூளை பிரிக்கிற நாள் வந்ததே! கரண்டு போர்டுக்குப் போடுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் உடையாமல் வெள்ளை வெளேரென்று வந்திருந்தன. மச்சான் முதல் பாட்டிலைத் திறந்து நீட்டினான். நான் வாங்காவிட்டால், ஈரல் போய்விட்டது, குடிகாரன்தான் என்று முத்திரை குத்திவிடுவார்கள். வாங்கிக் குடித்தால் பேர் தப்பும், உடம்பு போகும். பாட்டிலைக் கீழே வைத்தேன். “என் ஈரல்ல கொழுப்புடா. சாராயத்தால வரல. நான் உங்களுக்கு வாங்கிக் குடுத்த இந்தக் கலராலயும், என் வயித்தாலயும் வந்தது” என்றேன். பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற அக்கா, “கலர் குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்ட ஒரே ஆளு நம்ம முதலாளிதான்” என்றது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். சோறு கொண்டுவந்திருந்த என் சம்சாரமும் சேர்ந்து சிரித்தாள். அவள் என்னை நம்பிவிட்டாள் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

சோற்றைக் குறைத்து, தினமும் மணிமுத்தாறு வரை நடந்து, டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஈரல் என்சைமை இறக்கிக் காட்டினேன். சர்க்கரை எல்லையைத் தாண்டவில்லை. டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது என் சூளையில் மோர்தான். நேற்று மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா, எனக்கும் ஈரலைப் பாக்கணும். பயமா இருக்குது, கூட வரீங்களா?” என்றான். சிரிப்பு வரவில்லை எனக்கு. நாளைக்குக் காலையில் ரெண்டு பேரும் வெறும் வயிற்றோடு போகிறோம்.