பஜனை வைத்த வீட்டுக்காரன் உட்காரக் கூடாது

போன வருஷத்தோடு பதினெட்டு வருஷம் எங்கள் பஜனை கோஷ்டியில் டோலக் அடித்திருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட என் வீட்டில் பஜனை வைக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் மற்றவர்கள் வீட்டுக்குப் போவேன். அடிப்பேன், சாப்பிடுவேன், வந்துவிடுவேன்.

வீடு சின்னது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எல்லா வீடும் சின்னதுதான். முதல் பதினாறு வருஷம் சோம்பல். கடைசி இரண்டு வருஷம் பயம்.

எங்கள் கோஷ்டியில் ஒரு முறை உண்டு. பஜனை வைக்கிற வீட்டுக்காரன் பாட்டில் உட்காரக் கூடாது. வருகிறவர்களை வாசலில் நின்று அழைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். தன் கையால் பரிமாற வேண்டும். கடைசி ஆள் இலையை விட்டு எழுந்த பிறகுதான் அவன் சாப்பிடலாம். ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் வீட்டில் வைத்தபோது அவரும் சொம்போடு வாசலில்தான் நின்றார். அன்று ஆர்மோனியம் இல்லாமல் பாடினோம்.

என் வீட்டில் வைத்தால் டோலக் இல்லாமல் பாட மாட்டார்கள். அடிக்க இன்னொருவன் இருந்தான்.

அவன் பின் தெருவுக்குக் குடிவந்தவன். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து கை தட்டினான். அவனுக்கு டோலக் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் விழாதது போல இருந்தேன். அதற்குப் பிறகு ஜுரத்திலும் போனேன். விரலில் கட்டோடும் போனேன். ஒரு வாரம் விட்டால் என் இடத்தில் அவன் உட்காருவான்.

நான் கண்டெய்னர் யார்டில் கம்பி இழுத்துக் கட்டுகிறவன். அங்கே எனக்கு நம்பர்தான். தெருவில் மட்டும் டோலக்காரர் என்பார்கள். எனக்கென்று இருந்த பேர் அது ஒன்றுதான்.

போன வருஷம் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஊரு வூட்டு பொங்கலெல்லாம் துன்னுட்டு வர. நம்ம வூட்ல ஒரு தபா வெச்சா இன்னா? தெருவுல தல காட்ட முடியல."

"இடம் பத்தாது."

"வாசல்ல ஷாமியானா போட்டா பத்தும். பெரீவராண்ட சொல்லிட்டேன். மொத சனிக்கெழம நம்ம வூடு."

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டேன். விடியும் முன்பே அவள் அடுப்பு மூட்டிவிட்டாள். சக்கரைப் பொங்கல், புளிசாதம், சுண்டல், வடை. பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். நான் சொம்போடு வாசலில் நின்றேன்.

பெரியவர் ஆர்மோனியத்தைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "டேய், டோலக்க அவன்கைல குட்றா."

கொடுத்தேன். வெல்டர் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தான்.

"ணா, வளையத்த கொஞ்சம் இஸ்துக்கட்டா?"

"உன் இஷ்டம்."

தோலை இறுக்கும் கயிற்று வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்தான். தட்டினான், கேட்டான், மறுபடி இழுத்தான். பிறகு அடித்தான்.

பதினெட்டு வருஷமாக நான் அடித்த டோலக்தான். அதற்குள் அந்தச் சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

என் கை தடித்த கை. அவன் கையும் நெருப்புப் பொறி பட்டுக் காய்த்த கைதான். கையைச் சாக்குச் சொல்ல வழியில்லை. கடைசியில் கற்பூரம் காட்டும்போது மட்டும் வருகிற பெண்கள் அன்று முதல் பாட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்னிடம் யாரும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

என் மனைவி வடை எடுக்கிற சாரணியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். நான் அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருப்பவள். அன்று பேசவில்லை. தலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வட கருவுது," என்றேன்.

"கருவட்டும்யா. சொம்மா கெட."

சாப்பாட்டில் அந்தக் கருகின வடையைப் பார்த்து எடுத்து அவன் இலையில் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். அவன் கடித்தான்.

"வட ஷோக்கா கீதுணா."

"கருகினது."

"கருகுனதுதாணா டேஸ்ட்டு."

அவன் பக்கத்தில் இருந்தவர் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார். "இன்னாபா, இன்னிக்குதான் உன் டோலக்கு பேசிச்சு. இத்தினி வருசம் ஊமையா வெச்சிருந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த இலைக்குப் போனேன்.

அப்போது பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அடுத்த வாரம் யாரு வூடு?"

யாரும் வாய் திறப்பதற்குள் வெல்டரைக் காட்டி நான் சொன்னேன்.

"இவர் வூட்ல வெக்கலாம்."

வெல்டர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "என் வூட்லயாணா? ஒரே ரூம்புணா."

"பத்தும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருசமா இங்க கீறேன். என் வூட்ல ஒர்த்தரும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லணா."

பெரியவர் என் முதுகில் தட்டினார். "பெரிய மன்சுடா உனுக்கு."

எல்லோரும் போன பிறகு நான் இலையில் உட்கார்ந்தேன். மனைவி பரிமாறினாள்.

"நீ இன்னாத்துக்கு அவன் வூட்ட சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"துன்னு."

இரண்டாவது சனிக்கிழமை அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். நான் டோலக்கில் உட்கார்ந்தேன். அவன் இழுத்துவிட்ட வளையங்களை நான் தொடவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் வரவில்லை. ஓங்கி அடித்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவன் சொம்பின் மேல் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கே தெரியாமல் தட்டுகிறான். அவன் விரல் முதலில் விழுந்தது. என் கை அதற்குப் பிறகு விழுந்தது.

சாப்பாட்டில் எனக்கு இரண்டு தடவை பொங்கல் வைத்தான். "நல்லா சாப்புடுணா." இலையிலிருந்து தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை வேறொருவர் வீடு. ஒரு மணி நேரம் முன்பே போய் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் வந்தான். என்னைப் பார்த்தான். கூடையிலிருந்து ஜால்ராவை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். பஜனை இப்போது நன்றாக இருக்கிறது என்கிறார்கள். "இப்பதாண்டா நீ ஒயுங்கா அடிக்கிற," என்று பெரியவரும் சொன்னார். அவன் தட்டுகிற இடத்தில் நான் அடிக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அவரிடம் நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது எனக்கு இன்னும் எரிகிறது.

இந்த வருஷம் புரட்டாசி வருகிறது. முதல் சனிக்கிழமை தன் வீட்டில் வைக்கட்டுமா என்று அவனே வந்து கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், அன்றைக்கு ஜால்ரா யார் தட்டுவது என்று.