டிசைன் என்னுடையது இல்லை, சார்

சிரம்பானுக்கு வெளியே ஒரு பெரிய பன்னாட்டுத் தொழிற்சாலையில் பல வருடம் இன்ஜினியராக இருந்தேன். என்ன இன்ஜினியர் என்று யாராவது கேட்டால் மழுப்புவேன். வால்வுக்குள் உட்காரும் ஒரு ரப்பர் வளையம், அதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு. வளையத்துக்கு வெளியே எது உடைந்தாலும் அது வேறு டிபார்ட்மெண்ட். ஏதாவது உடைந்தால், இயந்திரத்தின் சூடு ஆறுவதற்குள் "இது எங்கள் வேலை இல்லை" என்று எல்லாரும் ஈமெயில் அனுப்பி முடித்திருப்போம். அதில் நான் கெட்டிக்காரன். பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். லுக்குட்டில், செம்பனை ஆலைகளுக்குக் குழாய் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி ஒரு அக்கா, அவரும் இன்ஜினியர்தான். அவரையும் என்னையும் தவிர, குழாய் பொருத்தும் பிட்டர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் கம்பெனி. காலையில் படம் வரைவேன், மத்தியானம் ஸ்பேனர் பிடிப்பேன், போகிற வழியில் எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்குவதும் நான்தான். எனக்கு இது பிடித்துத்தான் இருந்தது, ஒன்றும் உடையாதவரை.

இந்த வருடம் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து ஆலையில், நாங்கள் போட்ட நீராவிக் குழாய் இணைப்பில் விரிசல் விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஆலை நின்றுவிட்டது, வெளியே செம்பனைப் பழ லாரிகள் வரிசைகட்டி நின்றன. எங்கள் பிழைப்பில் பாதி அந்த ஆலையின் வருடக் கான்ட்ராக்ட். அதைப் புதுப்பிக்கிற நேரம் வேறு.

ஆலையின் இன்ஜினியர் பெரிய தோட்டக் கம்பெனி ஆள். குழாயைப் பார்த்துவிட்டு, "யாரு டிசைன் இது?" என்றார்.

"டிசைன் நான் சேர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு சார். நான் பிட்டிங் மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழைய இடத்தில் டிசைன் டிபார்ட்மெண்ட் எங்கோ மேல்மாடியில் இருக்கும். இங்கே அது என் பக்கத்தில், கையெல்லாம் எண்ணெயோடு, டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆலை இன்ஜினியர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்கதான் சார் செஞ்சோம். நாளைக்குள்ள மாத்திக் குடுத்திர்றோம்" என்றார் அக்கா.

அந்த "நாங்க"வில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது பிக்கப் வண்டியில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். லுக்குட் வந்த பிறகுதான் பேசினார். "நீ சொன்னது பொய் இல்ல தம்பி. ஆனா அந்த ஆளு திரும்பிப் பார்த்தப்ப நான் ஒத்தையா நின்ன மாதிரி ஆயிருச்சு."

மன்னிப்புக் கேட்டேன். "விடு லா" என்றார். சொன்னபடி குழாயை மாற்றிக் கொடுத்தோம். கான்ட்ராக்ட் பற்றி மட்டும் ஆலையிலிருந்து பேச்சே இல்லை. அக்கா அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் போன் எனக்கு வந்தது. அதே இன்ஜினியர். "நீங்க அன்னைக்கு ரொம்பக் கிளியரா பேசுனீங்க. பெரிய கம்பெனி ட்ரெய்னிங் தெரியுது. எங்ககிட்ட ஒரு வேகன்சி இருக்கு, வர்றீங்களா?"

எதற்காக நான் வெட்கப்பட்டேனோ அதையே அவர் மெச்சினார். அதைவிடக் கேவலம், முடியாது என்று சட்டென்று சொல்லாமல், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எதிர் மேசையிலிருந்து அக்கா, "யாரு?" என்றார்.

"ரந்தாவ் மில், அக்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கான்ட்ராக்ட் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பிட்டர்களையும் உள்ளே கூப்பிட்டார்.