ஐசியில் ஏறிய உத்தியோகம்

என் வீட்டுக்காரரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், "ஓர் என்ஜினியராக இருந்து தொழிற்சங்கத்தின் தேசியத் தலைவராக உயர்ந்தவர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாலை போட வந்தவர்களைப் பாதியில் நிறுத்தித் திருத்துவது மரியாதை இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் என்ஜினியர் இல்லை. அவரை என்ஜினியர் ஆக்கியது நான். ஒரே நிமிஷத்தில் ஆக்கினேன்.

மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வெட்டிக் கொண்டுவரும் பாலை உறையவைத்து ஷீட் போடுகிற இடத்தை ஸ்டோர் என்போம். அங்கே ரோலர்களைச் சுற்றுவதற்கு ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. அதை ஓட்டுவது அவர் வேலை. நாங்கள் குடியிருந்த லயத்தில் லோரி ஓட்டினால் டிரைவரு, ஊசி போட்டால் டிரஸரு, இஞ்சின் பார்த்தால் இஞ்சினியரு. அவருக்கு முன்னால் அந்த இஞ்சினைப் பார்த்த கிழவரும் இஞ்சினியர்தான். கிழவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

இஞ்சின் பக்கத்தில் நின்று நின்று என் வீட்டுக்காரருக்கு வலது காது போய்விட்டது. இடது காது அரைகுறை. இஞ்சினுக்கு நோவு வந்தால் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். மனுஷர்களிடம் அப்படிச் செய்ய முடியாது என்பதால், யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிவிடுவேன். அவருக்குக் கேட்கும்படி பேசிப் பேசி என் குரல் ஊரைக் கூட்டுகிற குரலாக ஆனது. நான் கல்யாணத்துக்கு முன் மெதுவாகப் பேசுகிற பெண் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை போட, வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்த புதிதில், எல்லோரும் ஐசி என்கிற அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, படம் பிடித்து, பெருவிரல் மை ஒற்றி, விவரம் எழுதினார்கள். வரிசை மாரியம்மன் கோயில் வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன வேல?"

அவருக்குக் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

"இஞ்சினியருங்க."

கிராணி எழுதிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். நாங்கள் நகர்ந்துவிட்டோம். கார்டு வந்தபோது அதில் இருந்த இங்கிலீஷை நான் படிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

பிறகு எங்கள் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும்போது கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். அரிசி, சோறு, ரொட்டி எதுவும் வெளியே போகக் கூடாது. விடியும் முன்னால் மலைக்குப் பால் வெட்டப் போகிறவள் மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்புகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். பால்வாளியோடு மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாளிக்கு அடியில் எதையாவது ஒளித்திருக்கிறாளா என்று முதலில் பார்ப்பார்கள்.

கேட்டில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் இருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரருடைய ஐசியைத் திருப்பிப் பார்த்தவன், அவரை ஏற இறங்கப் பார்த்தான். எண்ணெய்ச் சட்டை, கால்சட்டை, வெறுங்கால். பக்கத்தில் நின்ற கிராணியிடம் ஏதோ கேட்டான். கிராணியின் முகம் வெளுத்துப்போனது.

"எங்க படிச்சீங்கன்னு கேக்குறாரு," என்று கிராணி அவர் இடது காதில் கத்தினார்.

"இங்கதான், ஸ்டோர்ல," என்றார் இவர்.

இவர் சொன்னது இரண்டு சொல். கிராணி அதை மொழிபெயர்க்க அரை நிமிஷம் ஆனது. ஆபீசர் தொப்பியைத் தொட்டு ஒரு சல்யூட் வைத்தான்.

அன்றைக்கு மத்தியானம் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கிலீஷில் என்ஜினியர் என்றால் பெரிய படிப்புப் படித்து, பாலம் கட்டி, அணை கட்டுகிறவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இஞ்சின் டிரைவர்னு சொல்லியிருக்கணும், நீ இஞ்சினியர்னு சொல்லிட்ட. அவசரத்துல நானும் எழுதிட்டேன். பொய் விவரம் குடுத்தா ஜெயிலு. இல்லேன்னா இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. வாயத் தொறக்காத லா."

"அவருகிட்ட சொல்லிரவா?"

"சொன்னா நேரா ஆபீசுக்குப் போயி மாத்தணும்பாரு. உன் வீட்டுக்காரரப் பத்தித் தெரியாதா?"

தெரியும். இஞ்சினில் ஒரு ஆணி குறைந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷர். சாதாரணமாக, செய்த தப்பு தெரிந்தால் மானம் கப்பலேறும் என்பார்கள். எங்கள் விஷயத்தில் நாங்களே ஏற வேண்டியிருக்கும். இந்தியாவில் எனக்கு யாரையும் தெரியாது. நான் பிறந்ததே அந்த லயத்தில்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் வாயைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

அடுத்த வாரம் வேலிக்கு வெளிச்சம் போடுகிற மெஷின் நின்றுபோனது. ஆபீசர் 'என்ஜினியரை' அழைத்தான். இவர் போய் மெஷின் மேல் கையை வைத்தார். ஒரு குழாயைக் கழற்றி ஊதினார். அது ஓடியது. ஆபீசர் கைகொடுத்தான். கொடுத்த கையை இவர் விடவில்லை. மலைக்குப் போகிற பெண்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றார். பெண்களைப் பெண்கள்தான் தடவிப் பார்க்க வேண்டும் என்றார். கிராணி மொழிபெயர்த்தார். சீனியும் சாப்பாடுதான், முடியாது என்றான் ஆபீசர். இவருக்கு அது கேட்கவில்லை, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். இப்படி மூன்று தடவை. கடைசியில் பாலும் சீனியும் போடாத தே ஓ ஒரு போத்தல், தடவிப் பார்க்க ஒரு பெண் என்று முடிந்தது. படித்த என்ஜினியர் கேட்கிறாரே என்று அந்தப் பிள்ளை கொடுத்திருக்கிறான். இஞ்சின் டிரைவர் கேட்டிருந்தால் துப்பாக்கிக் கட்டையால் பதில் வந்திருக்கும்.

மற்ற தலைவர்கள் எதில் ஆரம்பித்தார்களோ தெரியாது. எங்கள் வீட்டுத் தலைவர் சீனியில்லாத தேத்தண்ணியில் ஆரம்பித்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். பிறகு கோலா பிலாவில் ஒரு கூட்டம், சிரம்பானில் ஒரு கூட்டம். ஸ்டோர் வேலையாட்களுக்குச் சங்கம் ஒன்று ஆரம்பித்தபோது கிளைக்குத் தலைவராக இவரைப் போட்டார்கள். "நம்மாள்ல ஒரு இஞ்சினியர் இருக்காரு, வெள்ளக்காரனே சல்யூட் அடிக்கிறான்" என்று பேச்சு. லயத்துச் சொல் ஒன்று, இங்கிலீஷ் சொல் ஒன்று. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சாதாரண இஞ்சின்காரனின் கார்டை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? தலைவன் கார்டை எதிரி எடுத்துப் பார்ப்பான். அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் கப்பல் ஒரு கல் கிட்டே வந்தது. அதனால் சங்கத் தேர்தல் வரும்போதெல்லாம் மாரியம்மனிடம் போய், இவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். கிளைத் தேர்தலுக்குத் தேங்காய் உடைத்தேன். ஜெயித்தார். மாநிலத் தேர்தலுக்குப் பொங்கல் வைத்தேன். ஜெயித்தார். நாடு முழுவதுக்குமான தலைவர் தேர்தலுக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்தேன். போட்டியே இல்லாமல் ஜெயித்தார். அதற்குமேல் அம்மனைத் தொந்தரவு செய்யவில்லை.

முதலாளிமாரோடு பேச்சுவார்த்தை என்றால் இவர் எப்போதும் வலது காதை அவர்கள் பக்கம் வைத்து உட்காருவார். அவர்கள் முடியாது என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவார்கள். இரும்பு மனிதர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இரும்பு இல்லை, காது. இதற்கு நடுவில் இங்கிலீஷும் கற்றுக்கொண்டார். தலைவருக்குக் கடிதம் படிக்கத் தெரிய வேண்டுமே. அவர் மேசையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதெல்லாம் நான் அரிசி டின்னைப் பார்ப்பேன். கார்டு கேட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன், நானே வாங்கி வைப்பேன். பொய்யை மறைப்பது இவ்வளவு வேலை என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வரிசையில் நிற்காமல் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

அவசரகாலம் முடிந்தது. பழைய ஐசியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்றார்கள். நாங்கள் அப்போது பாரோயில் குடியிருந்தோம். சிரம்பான் ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். இவரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். பழைய கார்டைப் பார்த்துப் புது ஃபாரத்தில் எழுதிக்கொண்டே வந்தான்.

"தொழில் என்ஜினியர். அப்படியே போட்றவாண்ணே?"

இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லிவிடலாம், என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று முன்னால் நகர்ந்தேன். இவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். எந்தக் கேள்விக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கிற மனுஷர், அன்றைக்குத் தானே பதில் சொன்னார்.

"இல்ல தம்பி. இஞ்சின் டிரைவர்னு எழுது. போன தடவ தப்பாச் சொல்லிட்டேன். சொன்னது நான்தான்."

பையன் சிரித்தான். தலைவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"சங்கத் தலைவர்னு போட்றவாண்ணே?"

"அது வேல இல்ல தம்பி. இஞ்சின் டிரைவர்னே போடு. சொன்னது நான்தான்னும் எழுதிக்க."

அதை எழுத அந்த ஃபாரத்தில் இடம் இல்லை. பையன் பழைய உத்தியோகத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதினான். யாரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"கார்டு வந்த அன்னைக்கே. கிராணிகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு மேல பாத்துக்கிட்டு நின்னாரு. தப்பா ஏறியிருக்குன்னு அவரு முகத்துலயே தெரிஞ்சிருச்சு."

கிராணி என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. இரண்டு பக்கமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பென்சன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அப்பவே போயி மாத்தியிருக்கலாம்ல?"

"மாத்தப் போனா யாரு சொன்னதுன்னு கேப்பான். வரிசையில இருந்த அத்தன பேருக்கும் உன் குரல் கேட்டுச்சு. உன்னயக் கப்பல் ஏத்திட்டா எனக்கு யாரு காது?"

நான் அழுதேன். ரோட்டில் நின்று அழுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனாலும் அழுதேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பயந்த வருஷமெல்லாம் இவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே டின்னுக்கு இரண்டு பேர் காவல் இருந்திருக்கிறோம். இனி மறைக்க ஒன்றும் வேண்டாம் என்று, பாக்கி இருந்ததையும் அவர் இடது காதில் சொன்னேன்.

"ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் நீங்க தோக்கணும்னு அம்மன வேண்டிக்கிட்டேங்க."

"தெரியும்," என்றார். "கோயிலுக்கு வெளிய செருப்புக்கிட்ட நான்தான நிப்பேன். எனக்கே கேட்டுச்சு."

பாரோய் பஸ் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் போனார். நான் வழக்கம்போல அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.